வலியில்லாப் பிரசவம்: ஒரு வாக்குறுதியின் வரலாறு

தமிழ்ப் படங்களில் பிரசவக் காட்சிக்கு ஒரு வாய்பாடு உண்டு. கதவு சாத்தப்படும். யாரோ ஒரு பாட்டி வெந்நீர் எடுத்துக்கொண்டு ஓடுவார். உள்ளே ஒரு அலறல். வெளியே கணவன் குறுக்கும் நெடுக்கும் நடப்பான். அப்புறம் குழந்தையின் அழுகுரல், எல்லோர் முகத்திலும் சிரிப்பு. ஆங்கிலப் படங்களில் வாய்பாடு வேறு. அங்கே கணவன் உள்ளேயே இருப்பான். மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு "மூச்சு விடு, மூச்சு விடு" என்பான். அவள் "ஹீ... ஹீ... ஹூ..." என்று ஊதுவாள். ஒரு கட்டத்தில் அவன் சட்டையைப் பிடித்து இழுத்து, "எல்லாம் உன்னாலதான்" என்று கத்துவாள். தியேட்டரே சிரிக்கும்.

அந்த "ஹீ ஹூ"வுக்கு லமாஸ் முறை என்று பெயர். பார்த்தவர்களில் பலர் அதை அமெரிக்கச் சரக்கு என்றே நினைத்திருப்பார்கள். ஆனால் அது பிறந்தது ஸ்டாலின் காலத்து சோவியத் யூனியனில். வளர்ந்தது பாரிஸில், இரும்புத் தொழிலாளர் சங்கம் நடத்திய ஒரு ஆஸ்பத்திரியில். நடுவில் போப்பாண்டவரிடம் "தப்பில்லை" என்று ஒரு சான்றிதழும் வாங்கிக்கொண்டு, அப்புறம்தான் கப்பலேறி அமெரிக்கா போனது. ஒரு மூச்சுப் பயிற்சிக்கு இவ்வளவு பெரிய பாஸ்போர்ட்டா என்று தோன்றும். விஷயம் மூச்சு மட்டும் இல்லை. வலியில்லாமல் பெற்றுக்கொள்ளலாம் என்று ஒரு வாக்குறுதி கொடுத்தார்கள். அந்த வாக்குறுதி பலிக்காதபோது பழி யார் தலையில் விழுந்தது என்பதுதான் இந்தக் கதையில் கவனிக்க வேண்டிய இடம்.

கொஞ்சம் பின்னால் போவோம். பிரசவ வலிக்கு நவீன மருத்துவம் முதலில் கொடுத்த பதில் மயக்க மருந்து. 1847-ல் எடின்பரோவில் ஜேம்ஸ் யங் சிம்சன் என்ற மருத்துவர் பிரசவத்துக்குக் குளோரோஃபார்ம் கொடுக்க ஆரம்பித்தார். வேதனையோடு பெறுவாய் என்று பைபிளில் ஏவாளுக்குச் சொல்லியிருக்கிறதே, வலியை நீக்கலாமா என்று ஒரு கேள்வி எழும் என்று அவரே எதிர்பார்த்து, அதற்குப் பதிலாக ஒரு சிறு நூலும் எழுதினார். 1853-ல் விக்டோரியா மகாராணி தன் எட்டாவது குழந்தைக்குக் குளோரோஃபார்ம் வாங்கிக்கொண்டார். ராணியே வாங்கிக்கொண்ட பிறகு வசதியான வீட்டுப் பெண்களுக்குத் தயக்கம் ஏது?

அடுத்து வந்தது இன்னும் விசித்திரமானது. 1900-களின் தொடக்கத்தில் ஜெர்மனியின் ஃப்ரைபுர்க் நகரில் ஸ்கோபோலமின், மார்ஃபின் இரண்டையும் கலந்து ஊசி போட்டார்கள். அதற்கு "அந்தி உறக்கம்" என்ற அர்த்தத்தில் அழகாகப் பெயரும் வைத்தார்கள். இது வலியை எடுக்கவில்லை, வலியின் நினைவைத்தான் எடுத்தது! அந்த நேரத்தில் பெண் கத்துவாள், புரள்வாள், கட்டிலில் முட்டிக்கொள்வாள். விழித்த பிறகு எதுவும் ஞாபகம் இருக்காது. முட்டிக்கொண்டு அடிபடாமலிருக்கக் கட்டிலைச் சுற்றிப் பஞ்சு வைத்தார்கள், கையைக் கட்டினார்கள். 1914 வாக்கில் அமெரிக்கப் பெண்கள் இது எங்கள் உரிமை என்று சங்கம் வைத்துக் கேட்டார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். அவர்களை இன்று குறை சொல்வது சுலபம். அந்தக் காலத்தில் பிரசவம் என்றால் எவ்வளவு பயம் இருந்திருந்தால் இதைக் கேட்டு வாங்கியிருப்பார்கள்!

சங்கம் மெல்ல அடங்கியது. ஆனால் ஸ்கோபோலமின் ஊசி அமெரிக்க ஆஸ்பத்திரிகளில் பல பத்தாண்டுகள் தங்கிவிட்டது. 1958-ல் அங்கே ஒரு பிரபல பெண்கள் பத்திரிகை பிரசவ வார்டுகளில் நடக்கும் கொடுமைகள் பற்றி வாசகியர் கடிதங்களை வெளியிட்டது. மணிக்கணக்கில் மேசையில் கட்டிப்போடப்பட்டோம் என்று பெண்கள் எழுதியிருந்தார்கள். கணவன் வெளியே, சுயநினைவும் வெளியே. இதுதான் அன்றைய "நவீன" பிரசவம்.

இதற்கு எதிர்க்குரல் கொடுத்தவர்களில் முதல் பெயர் இங்கிலாந்தின் கிராண்ட்லி டிக்-ரீட். 1933-ல் இயற்கைப் பிரசவம் பற்றி ஒரு நூல் எழுதினார். பயம் வந்தால் உடம்பு இறுகும், உடம்பு இறுகினால் வலி கூடும், வலி கூடினால் பயம் இன்னும் ஏறும் என்பது அவர் கண்ட சுழல். இதை வெட்ட என்ன நடக்கப்போகிறது என்று முன்பே சொல்லிக்கொடு, உடம்பைத் தளர்த்தப் பழக்கு, பக்கத்தில் ஆள் இரு என்றார். நல்ல யோசனைதான். ஆனால் கூடவே, "நாகரிகம் தொடாத" பெண்கள் வலியே இல்லாமல் பெற்றுக்கொள்கிறார்கள், படித்த பெண்களுக்குத்தான் இந்தப் பயமெல்லாம் என்றும் நம்பினார். அதற்கு ஆதாரம் எதுவும் கிடையாது. எந்த ஊரில் எந்தக் காட்டில் கேட்டாலும் இடுப்பு வலி இடுப்பு வலிதான். பிரசவ வைராக்கியம் என்று ஒரு சொல்லை நம் ஊர்க்காரர்கள் சும்மாவா வைத்திருக்கிறார்கள்?

இனி கார்கிவ். இன்றைய உக்ரைனில் இருக்கும் நகரம், அன்று சோவியத் யூனியன். அங்கே பிளாட்டோனோவ் என்ற மருத்துவர் 1920-களிலேயே ஹிப்னாடிசத்தைப் பிரசவத்துக்குப் பயன்படுத்திப் பார்த்தார். சிலருக்குப் பலித்தது. சிக்கல் என்னவென்றால் ஹிப்னாடிசம் எல்லோருக்கும் ஏறாது. ஏறுகிறவர்களுக்கும் ஒவ்வொருவராக உட்கார வைத்துத்தான் செய்ய வேண்டும். லட்சக்கணக்கான பெண்களுக்கு அது நடக்கிற காரியமா?

அவருக்குப் பின் வந்த மனநல மருத்துவர் வெல்வோவ்ஸ்கி ஒரு படி மேலே போனார். பெண்ணைத் தூங்க வைக்காதே, முழு விழிப்பில் வைத்துக்கொண்டு பாடம் நடத்து என்றார். இதற்கு அடிப்படை பாவ்லோவின் உடலியல். மணியடித்தால் நாய்க்கு எச்சில் ஊறும் கதை எல்லோரும் பள்ளியில் படித்ததுதான். மணிக்கும் சோற்றுக்கும் இயற்கையில் சம்பந்தம் இல்லை, திரும்பத் திரும்பச் சேர்த்துக் காட்டியதால் வந்த சம்பந்தம். அதேபோல் கருப்பைச் சுருக்கத்துக்கும் வலிக்கும் உள்ள தொடர்பும் பழக்கத்தால் வந்தது என்று வெல்வோவ்ஸ்கி குழு வாதாடியது. சிறு வயது முதல் "பிரசவம் என்றால் உயிர் போகிற வலி" என்று கேட்டுக் கேட்டு மூளை அப்படிப் பழகிவிட்டது. சொல்லால் கட்டியதைச் சொல்லாலேயே அவிழ்க்கலாம் என்பது அவர்கள் கணக்கு. பேறுகாலத்தின் கடைசி வாரங்களில் வகுப்பு எடுத்தார்கள். கருப்பை எப்படி வேலை செய்கிறது, சுருக்கம் எப்போது வரும், வந்தால் ஆழமாகச் சீராக மூச்சு விடுவது, அடிவயிற்றை விரல்களால் நீவுவது, இடுப்பில் குறிப்பிட்ட இடங்களை அழுத்துவது, சுருக்கங்களை எண்ணுவது. அவ்வளவுதான் பாடத்திட்டம்.

1951-ல் சோவியத் சுகாதார அமைச்சகம் இதை நாடு முழுக்க நடைமுறைப்படுத்தச் சொல்லி ஆணை போட்டது. ஏன் இத்தனை அவசரம்? போரில் சுமார் 2.7 கோடி உயிர்களை இழந்த நாடு அது. பிள்ளைகள் வேண்டும் என்று அரசு துடித்தது. கருக்கலைப்பு 1936-லேயே தடை செய்யப்பட்டிருந்தது. பத்துப் பிள்ளை பெற்றவளுக்கு 1944 முதல் "வீரத்தாய்" பட்டம் கொடுத்தார்கள். ஆனால் மருந்துக்கும் மயக்க நிபுணர்களுக்கும் தட்டுப்பாடு. காமர்ஸ் மாணவர்களுக்குப் புரிகிற மாதிரி சொன்னால், மூலப்பொருள் செலவு பூஜ்யம், கூலி மட்டும்தான் செலவு என்ற ஒரு தயாரிப்பு முறை கையில் கிடைத்தது. எந்த நிதியமைச்சர் வேண்டாம் என்பார்? அதிலும் பாவ்லோவ் பெயர் சேர்ந்துவிட்டால் அது தேச கௌரவம். ஆணை பறந்த வேகத்தில் வகுப்புகள் நடக்கவில்லை என்பது வேறு விஷயம். சொல்லிக்கொடுக்கவும் ஆள் வேண்டுமே. பல இடங்களில் அது பேருக்கு நடந்த சடங்காகத்தான் போனது.

அதே 1951-ல் ஒரு பிரெஞ்சு மருத்துவர் குழு சோவியத் யூனியனுக்குப் போனது. அதில் ஒருவர் ஃபெர்னாண்ட் லமாஸ். அறுபதை நெருங்கிய வயது. ஆயிரக்கணக்கான பிரசவங்களைப் பார்த்தவர். லெனின்கிராடில் ஒரு பெண்ணின் பிரசவத்தை மணிக்கணக்கில் பக்கத்திலிருந்து கவனித்தார். அந்தப் பெண் கத்தவில்லை, முகம் சுளிக்கவில்லை, தன் வேலையைத் தானே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த ஒரு காட்சியில் மனிதர் ஆடிப்போனார். ஓய்வு பற்றி யோசிக்கிற வயதில் பாரிஸுக்குத் திரும்பி முதலிலிருந்து தொடங்கினார்.

அவர் வேலை பார்த்த லே ப்ளுவே மருத்துவமனை கம்யூனிஸ்ட் தலைமையில் இருந்த சி.ஜி.டி. என்ற தொழிற்சங்கத்தின் இரும்புத் தொழிலாளர் பிரிவுக்குச் சொந்தமானது. லேத் பட்டறையிலும் கார் தொழிற்சாலையிலும் வேலை பார்க்கிறவர்களின் மனைவிகளும், அங்கே வேலை பார்க்கும் பெண்களும் பிரசவத்துக்கு வருகிற இடம். 1952 முதல் அங்கே "வலியில்லாப் பிரசவம்" ஆரம்பித்தது. பணக்காரர்களின் கிளினிக்கில் அல்ல, தொழிலாளர் சந்தாப் பணத்தில் நடந்த ஆஸ்பத்திரியில்! கணவனையும் வகுப்புக்குக் கூப்பிட்டார்கள், பிரசவ அறைக்குள்ளும் விட்டார்கள். அந்தக் காலத்துக்கு அது பெரிய புரட்சி.

லமாஸ் சோவியத் முறையை அப்படியே எடுத்துக்கொள்ளவில்லை. சுருக்கம் உச்சத்துக்கு ஏறும்போது நெஞ்சளவில் வேகமாக, மேலோட்டமாக மூச்சு விடும் பழக்கத்தைச் சேர்த்தார். ஆழமாக இழுத்தால் உதரவிதானம் இறங்கிக் கருப்பையை மேலிருந்து அழுத்தும், மேல்மூச்சு விட்டால் அழுத்தாது என்பது அவர் சொன்ன காரணம். சுருக்கம் அலை மாதிரி வந்து ஏறி இறங்கும், பெரும்பாலும் ஒரு நிமிஷத்தைச் சுற்றித்தான் இருக்கும். அந்த ஒரு நிமிஷத்துக்குள் மெதுவாக ஆரம்பித்து, வேகமெடுத்து, மறுபடி மெதுவாக வர வேண்டும். பிரெஞ்சுக்காரர்கள் இந்த மூச்சுக்கு "குட்டி நாய் மூச்சு" என்று பெயர் வைத்தார்கள். பாவ்லோவின் நாய் பாரிஸ் வரை வந்துவிட்டது :)

இங்கேதான் அந்த வாக்குறுதியின் மறுபக்கம் வருகிறது.

ஒவ்வொரு பிரசவமும் முடிந்தபின் அந்தப் பெண் எப்படிச் செய்தாள் என்று அங்கே தரம் பிரித்தார்கள். மிக நன்று என்பதில் தொடங்கி தோல்வி வரை. எவ்வளவு அமைதியாக இருந்தாள், எவ்வளவு புரண்டாள், கத்தினாளா இல்லையா என்று பார்த்து மதிப்பெண். தோற்றவளுக்கு ஏன் தோல்வி? சரியாகப் பயிற்சி எடுக்கவில்லை, மனதில் சந்தேகம் வைத்திருந்தாள், பழைய பயம் போகவில்லை. அறிவாளிப் பெண்கள், ரொம்பக் கேள்வி கேட்கிறவர்கள்தான் அதிகம் தோற்பார்கள் என்றுகூடக் கருத்து இருந்தது. முறையில் கோளாறு இருக்கலாம் என்ற எண்ணம் கடைசியாகத்தான் வரும்.

யோசித்துப் பாருங்கள். பத்து மணி நேரம் வலித்து, குழந்தை தலை மாறிக் கிடந்து, இடுப்பெலும்பில் நெருக்கி வெளியே வந்திருக்கிறது. அந்தப் பெண் கத்தியிருக்கிறாள். மடியில் குழந்தையை வைத்துக்கொண்டு அவள் நினைப்பது "நான் ஃபெயில்" என்று. கட்டிலில் கட்டிப்போட்ட அமெரிக்க வார்டில் அவளை ஒரு பொருளாக நடத்தினார்கள். இங்கே மனுஷியாக நடத்தினார்கள், ஆனால் பரீட்சை எழுதுகிற மனுஷியாக. பிரிட்டனில் பிரசவக் கல்வியில் பேர்பெற்ற ஷீலா கிட்ஸிங்கர் பின்னாளில் இந்த மதிப்பெண் போடும் பழக்கத்தைக் கடுமையாக விமர்சித்தார். பிரசவம் ஒரு பெண்ணின் சொந்த அனுபவம், அதில் பாஸ் ஃபெயில் போட டாக்டர் யார் என்பதுதான் அவர் கேள்வியின் சாரம்.

ஆனாலும் பெண்கள் அலை அலையாக வந்தார்கள். காரணம் தெரியாமல் இல்லை. அதுவரை அவர்களிடம் யாரும் அவர்கள் உடம்பைப் பற்றி விளக்கிச் சொன்னதே இல்லை. கருப்பை வாய் திறப்பது என்றால் என்ன, பனிக்குடம் உடைந்தால் என்ன செய்ய வேண்டும் என்று கரும்பலகையில் படம் போட்டு ஒருவர் விளக்குகிறார். கடைசி நிமிஷம் வரை பழகிய முகம் ஒன்று பக்கத்தில் இருக்கிறது. வலி குறைந்ததோ இல்லையோ, அது எவ்வளவு பெரிய விஷயம்!

பிரான்ஸில் இது அரசியலாகவும் ஆனது. ரஷ்யாவிலிருந்து வந்தது, கம்யூனிஸ்ட் ஆஸ்பத்திரியில் நடக்கிறது என்றால் கத்தோலிக்கர்கள் என்ன செய்வார்கள்? 1956 ஜனவரி 8-ஆம் தேதி போப் பன்னிரண்டாம் பயஸ் மருத்துவர்கள் கூட்டத்தில் இதைப் பற்றியே பேசினார். ஏவாளுக்குச் சொன்ன வார்த்தை வலியைக் குறைக்கக் கூடாது என்ற கட்டளை இல்லை, கண்டுபிடித்தவர் பொருள்முதல்வாதி என்பதாலேயே ஒரு கண்டுபிடிப்பு பொய்யாகிவிடாது என்று தெளிவாகச் சொன்னார். பனிப்போர் உச்சத்தில் இருந்த நேரத்தில் இப்படி ஒரு பேச்சு! மறு வருஷமே பிரான்ஸின் சூப்பர் ஸ்டார் ழான் கபேன் நடித்து, ஒரு கிராமத்து டாக்டர் இந்த முறையைப் பரப்புவதாக ஒரு படம் வந்தது. 1950-களின் பிற்பாதியில் வகுப்புச் செலவைச் சமூகக் காப்பீடு ஏற்கத் தொடங்கியது. லமாஸ் 1957 மார்ச்சில் மாரடைப்பில் இறந்தார். அமெரிக்காவில் தன் பெயர் வீட்டுக்கு வீடு புழங்கப்போகிறது என்று அவருக்குத் தெரியாது.

அதைச் செய்தவர் மார்ஜரி கார்மல் என்ற அமெரிக்கப் பெண். 1955-ல் பாரிஸில் லமாஸ் கையால் பிரசவம் பார்த்துக்கொண்டவர். ஊர் திரும்பி, டாக்டர் லமாஸுக்கு நன்றி சொல்லும் தலைப்போடு 1959-ல் ஒரு புத்தகம் எழுதினார், அது பரபரப்பாக விற்றது. 1960-ல் எலிசபெத் பிங் என்பவரோடு சேர்ந்து இதற்காக ஒரு அமைப்பைத் தொடங்கினார். ரஷ்யப் பூர்வீகத்தை அமெரிக்காவில் அடக்கியே வாசித்தார்கள். பிரெஞ்சு என்றால் நாகரிகம், ரஷ்யா என்றால் வில்லங்கம். வெல்வோவ்ஸ்கி பெயர் காணாமல் போய் லமாஸ் பெயர் நின்றதற்கு இதுவும் ஒரு காரணம். மார்க்கெட்டிங் பாடத்தில் பிராண்டு பெயர் பற்றிச் சொல்வதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைப்பது கஷ்டம்.

எலிசபெத் பிங் கதை தனியாகச் சொல்ல வேண்டியது. 1914-ல் பெர்லினில் பிறந்தவர், யூத வம்சாவளி. ஹிட்லர் வந்ததும் இங்கிலாந்துக்குத் தப்பி, பிசியோதெரபி படித்தார். பிரசவித்த பெண்களுக்கு உடற்பயிற்சி கொடுக்கும் வேலையில், அவர்கள் மயங்கிக் கிடக்கும் கோலத்தைப் பார்த்துத்தான் இந்தப் பக்கம் திரும்பினார். பின்பு நியூயார்க்கில் வகுப்புகள் நடத்தினார். நாற்பது வயதில் அவருக்கே பிரசவம் வந்தபோது என்ன ஆயிற்று? வேண்டாம் என்று ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்த மயக்க மருந்துகளெல்லாம் அவருக்கே கொடுக்கப்பட்டன! அதை அவர் மறைக்கவில்லை. பின்னாளில் பேட்டிகளில் சிரித்துக்கொண்டே சொல்வார். அவர் வகுப்புகளில் பாஸ் ஃபெயில் இல்லாமல் போனதற்கு இந்த அனுபவமும் காரணமாக இருக்கலாம். மருந்து கேட்டால் வாங்கிக்கொள், அது தோல்வி இல்லை என்பதுதான் அவர் தொனி. 2015-ல் நூறு வயதில் காலமானார். அமெரிக்கப் பிரசவ அறையின் கதவைக் கணவன்மார்களுக்குத் திறந்துவிட்டதில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு.

சரி, இந்த மூச்சு உண்மையில் வேலை செய்கிறதா? பாவ்லோவிய விளக்கத்தை, அதாவது வலி வெறும் பழக்கம் என்பதை, இன்று யாரும் ஏற்பதில்லை. கருப்பைச் சுருக்கம் உண்மையிலேயே வலிக்கும். 1965-ல் மெல்ஸாக், வால் என்ற இருவர் வேறொரு விளக்கத்தைத் தந்தார்கள். வலிச் செய்தி மூளைக்குப் போகும் வழியில் தண்டுவடத்தில் ஒரு "வாயிற்கதவு" இருக்கிறது. தொடுதல், நீவுதல் போன்ற மற்ற உணர்வுகளும், மூளையிலிருந்து இறங்கி வரும் கட்டளைகளும் அந்தக் கதவைக் கொஞ்சம் சாத்த முடியும். முட்டியில் அடிபட்டால் உடனே கை போய்த் தேய்க்கிறதே, அதேதான். இடுப்பை நீவுவதும் மூச்சில் கவனம் வைப்பதும் ஏன் உதவலாம் என்பதற்கு இது பொருந்தியது.

ஆனால் அதே மெல்ஸாக் குழுவினர் 1981-ல் பிரசவப் பயிற்சி எடுத்த பெண்களையே நேரடியாக ஆராய்ந்தார்கள். பயிற்சியால் வலி சற்றுக் குறைகிறது, ஆனாலும் பெரும்பாலோருக்குக் கடுமையாகவே வலிக்கிறது என்று முடிவு வந்தது. கட்டுரைத் தலைப்பிலேயே பயிற்சிக்குப் பிறகும் பிரசவம் வலிக்கத்தான் செய்கிறது என்று போட்டுவிட்டார்கள். முப்பது வருஷமாகத் தங்களைக் குற்றம் சொல்லிக்கொண்ட பெண்கள் படிக்க வேண்டிய தலைப்பு அது.

குட்டி நாய் மூச்சுக்கும் வினை வந்தது. வேகமாக ரொம்ப நேரம் ஊதினால் ரத்தத்தில் கரியமில வாயு குறைந்து தலை சுற்றும், விரல் நுனி மரத்துப்போகும். அதனால் பிற்காலப் பயிற்சியாளர்கள் அதைக் கைவிட்டு மெதுவான, அவரவர் இயல்புக்கு ஏற்ற மூச்சுக்கு மாறிவிட்டார்கள். சினிமாக்காரர்களுக்கு மட்டும் இன்னும் தகவல் போய்ச் சேரவில்லை போலிருக்கிறது.

மூச்சு, தளர்வுப் பயிற்சிகள் வலியைக் குறைக்கலாம், ஆனால் ஆதாரம் பலமாக இல்லை என்பதுதான் பின்னால் வந்த ஆய்வுத் தொகுப்புகளின் நிலை. பலமான ஆதாரம் வேறொன்றுக்குக் கிடைத்தது. பிரசவம் முடியும்வரை பக்கத்திலேயே ஒருவர் விடாமல் இருப்பது. 2017-ல் வெளியான ஒரு தொகுப்பு 26 ஆய்வுகளை, 15,000-க்கும் மேற்பட்ட பெண்களைக் கணக்கில் எடுத்தது. கூட ஆள் இருந்தால் வலி நேரம் கொஞ்சம் குறைகிறது, சிசேரியன் குறைகிறது, மருந்து கேட்பதும் குறைகிறது. லெனின்கிராடிலும் லே ப்ளுவேயிலும் பலித்ததில் எவ்வளவு மூச்சால், எவ்வளவு பக்கத்தில் இருந்த ஆளால் என்று யாரும் அன்று பிரித்துப் பார்க்கவில்லை. உலக சுகாதார நிறுவனம் 2018-ல் வெளியிட்ட வழிகாட்டுதலில் இரண்டும் இருக்கின்றன. கேட்கிற பெண்ணுக்கு மூச்சு, தளர்வுப் பயிற்சிகள், அவள் விரும்பும் துணை. கூடவே, வலி நீக்க முதுகில் போடும் எபிடியூரல் ஊசியும்.

வலியில்லாப் பிரசவத்தை முழக்கமாக்கிய பிரான்ஸில் 1970-களுக்குப் பிறகு எபிடியூரல் மெல்லப் பரவியது. 1994-ல் அரசு அதற்கான செலவையும் காப்பீட்டில் சேர்த்தது. 2016-ல் எடுத்த தேசியக் கணக்கெடுப்பில் அங்கே பிள்ளை பெறும் பெண்களில் ஐந்தில் நான்கு பேர் அந்த ஊசியை வாங்கிக்கொண்டிருந்தார்கள். பயிற்சி வகுப்புகளை யாரும் மூடிவிடவில்லை. கர்ப்பிணிக்கு ஏழு வகுப்புகள் இன்றும் அங்கே காப்பீட்டுச் செலவில்தான் நடக்கின்றன. அதற்குப் போய்விட்டு வந்து, அன்றைக்கு ஊசியும் கேட்டு வாங்கிக்கொள்கிறார்கள். மதிப்பெண் போட யாரும் இல்லை.